இருமும் பூனையை இளைக்க விடுவது எப்படி?

நாமக்கல், ராசிபுரம், பரமத்தி வேலூர், ஆத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தப் பாடம் கொஞ்சம் கடினம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வாயில்லாப் பிராணிகளை வளர்க்கத் தெரியும் என்பதுதான் சிக்கல். ஷெட்டில் பல்லாயிரம் கோழி நிற்கும்போது ஒரு மூலையில் நாலு கோழி மூச்சை இழுத்தால், ராத்திரி விளக்கணைத்து நின்று காதாலேயே சளி என்று கண்டுபிடிப்பீர்கள். குஞ்சாக இருந்த நாளிலிருந்து மாதிரிக்குப் பிடித்து எடை போடுவீர்கள். தீவனம் எத்தனை கிராம் இறங்கியது, தண்ணீர் எவ்வளவு குடித்தது, செத்தது எத்தனை, எல்லாம் நோட்டில் இருக்கும். செத்த கோழியை அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்ல, மோகனூர் சாலையில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்வரவும் பழகிவிட்டீர்கள்.

அந்தப் பழக்கங்களைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். பூனை உள்ளே இருக்கிறது. இரண்டு மாதமாக இருமுகிறது. தூக்கினால் லேசாக இருக்கிறது. நல்ல தொடக்கம். மேற்கொண்டு செய்ய வேண்டியவை கீழே.

1. முதல் நாளே தீர்ப்புச் சொல்லுங்கள்

பூனை தரையோடு பம்மும். கழுத்தை முன்னால் நீட்டி, தலையைத் தாழ்த்தி, ஹ்க் ஹ்க் என்று இழுக்கும். கடைசியில் ஒரு முழுங்கு முழுங்கிவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி காலை நக்கத் தொடங்கும். இதுதான் உங்கள் நேரம். "முடி மாட்டிக்கிச்சுங்க" என்று அறிவித்துவிடுங்கள்.

முடி வெளியே வந்ததா என்று மட்டும் தேடாதீர்கள். முடி உருண்டை சேருவது இரைப்பையில். அது வரும்போது வயிறு குலுங்கும், பிறகு ஈரமாக ஒரு கற்றை தரையில் கிடக்கும், கதை முடியும். மூச்சுக்குழலில் முடிக்கு வேலையில்லை. வாரக்கணக்கில் ஹ்க் ஹ்க் என்று இழுத்தும் தரையில் எதுவும் விழாவிட்டால் அது இருமல். இதைத் தெரிந்துகொண்டால் மேற்கொண்டு எதையும் செய்ய முடியாது. ஆகவே தெரிந்துகொள்ள வேண்டாம்.

வீடியோ எடுங்கள், தாராளமாக. மருத்துவர் மேஜையில் எந்தப் பூனையும் இருமிக் காட்டாது, பயத்தில் கல்லாகி உட்கார்ந்திருக்கும். அவருக்கு உங்கள் போனில் உள்ள இருபது விநாடிதான் பெரிய சாட்சி. ஆகவே அதற்குப் பின்னால் ஒரு வடிவேலு வசனத்தை ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, போனில் இடமில்லை என்று அழித்துவிடுங்கள்.

2. தராசுப் பக்கம் போகாதீர்கள்

இந்த ஊரில் இது எளிதல்ல. திரும்பிய பக்கமெல்லாம் தராசு. முட்டைக் கடையில் இருக்கிறது, கறிக் கடையில் இருக்கிறது, தீவன மில்லில் லாரியையே தூக்கி வைக்கிற மாதிரி இருக்கிறது. வீட்டிலும் சர்க்கரை வந்தபோது அப்பா வாங்கிய எடை மெஷின் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பூனையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி, பூனையை விட்டுவிட்டு மறுபடி ஏறி, கழித்தால் எடை வந்துவிடும். ஞாயிறுதோறும் ஒரு தடவை செய்து காலண்டர் தாளில் குறித்தால் போதும். ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

ஏன் கூடாது என்கிறேன் என்றால், கணக்கு முகத்தில் அடிக்கும். 4 கிலோ பூனை 3 கிலோ 600 கிராம் ஆனால் 400 கிராம்தானே போயிற்று என்று தோன்றும், ஒரு தக்காளிக் கூறு அளவு. ஆனால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. 70 கிலோ ஆள் சும்மா இருக்கும்போதே 7 கிலோ இறங்கினால், கல்யாண வீட்டில் ஒருத்தர் விடாமல் "ஏங்கண்ணு, ஸ்கேன் எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். பூனைக்குக் கேட்க ஆளில்லை.

கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே பாதுகாப்பு. ரோமம் எலும்பை மறைத்துவிடும். கையால் தடவினால்தான் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருப்பதும் தோள்பட்டை துருத்துவதும் தெரியும். தடவவே கூடாது என்று சொல்லவில்லை, தலையை மட்டும் தடவுங்கள்.

3. தட்டு காலியானால் சாப்பிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்

வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றுக்கும் ஒரே தட்டு வையுங்கள். திண்ணையில் வைத்தால் காக்காயும் உதவும்.

இளைக்கிற பூனை நன்றாகத் தின்கிறதா, தின்னாமல் கிடக்கிறதா என்பது மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. பத்து வயது தாண்டிய பூனை கத்திக் கத்திக் கேட்டு, தின்றும் இளைத்தால் தைராய்டு சுரப்பு மிகுதியாகியிருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். குட்டி அப்படி ஆனால் குடல் புழு. அந்த உருண்டைப் புழுவின் குஞ்சுகள் நுரையீரல் வழியாகப் பயணம் போய்த்தான் குடலுக்குத் திரும்புகின்றன, போகிற வழியில் இருமலையும் கொடுக்கும். தின்னாமல் இளைத்தால் சிறுநீரகம், நுரையீரலில் சீழ், கட்டி என்று பாதை வேறு பக்கம் திரும்பும். நீங்கள் "சாப்பிடறாப்பலதானுங்க இருக்கு" என்று சொன்னால் எல்லாப் பாதையும் ஒரே நேரத்தில் மூடும்.

இரண்டு மூன்று நாள் சுத்தமாகத் தின்னாமல் விடவும் தயங்காதீர்கள். நாய் தாங்கும். பூனை தாங்காது, ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும். ஒன்றுக்கு இரண்டு.

4. வீட்டுக்குள் நல்ல புகையாகப் போடுங்கள்

காலையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நீங்கள் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். சுருள் தரையில் இருக்கிறது. பூனையும் தரையில்தான் இருக்கிறது. மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

தீவன குடோனில் படுக்கவைத்தால் மக்காச்சோள மாவும் சோயாத் தூளும் கிடைக்கும். பள்ளிபாளையம், குமாரபாளையத்துக்காரர்களுக்குத் தறிப் பட்டறையின் பஞ்சு இருக்கிறது. பூனைக்கும் ஆஸ்துமா உண்டு. தூசியிலும் புகையிலும் அது கிளம்பும், மூச்சுக்குழல் சுருங்கும், ஹ்க் ஹ்க் வரும்.

இங்கே ஒரு மேம்பட்ட உத்தி. யாராவது "ஆஸ்துமாவா இருக்கும்" என்று சொன்ன உடனே நிம்மதியாகிவிடுங்கள். ஆஸ்துமா மட்டும் இருக்கிற பூனை பொதுவாக எலும்பும் தோலுமாக ஆகாது. இருமலோடு இளைப்பும் சேர்ந்தால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று மருத்துவர்கள் தேடத் தொடங்குவார்கள். நீங்கள் தேட வேண்டாம், பெயர் கிடைத்துவிட்டதே.

5. புழு மருந்து கொடுத்தாயிற்று என்று சொல்லுங்கள்

போன பொங்கலுக்குக் கொடுத்தது. பரவாயில்லை, சொல்லுங்கள்.

நுரையீரலுக்கென்றே ஒரு புழு இருக்கிறது. அது முதலில் நத்தையிலும் ஓடில்லா அட்டை நத்தையிலும் வளர்கிறது. ஐப்பசி மழையில் வாழை மரத்தடியில், துவைக்கிற கல்லோரத்தில் ஊர்ந்து போகிறதே, அவைதான். பூனை நத்தை தின்னாது, சரி. நத்தையைத் தின்ற தவளை, பல்லி, எலி, குருவி இவற்றைத் தின்னும். புழு அப்படியே நுரையீரலுக்கு வந்து குடியேறும். குஞ்சுப் புழுக்கள் இருமலில் மேலே வந்து, விழுங்கப்பட்டு, மலத்தில் போகும். முதல் அத்தியாயத்தில் பூனை முழுங்கிய அந்த முழுங்கு நினைவிருக்கிறதா?

குடல் புழுவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரண்டல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. ஃபென்பென்டசோல் போன்ற மருந்தைத் தொடர்ந்து பல நாள் கொடுக்க வேண்டும். சாதாரண மலப் பரிசோதனையிலும் இது தப்பிவிடலாம். புது மலத்தைச் சல்லடைத் துணியில் கட்டி வெதுவெதுப்பான நீரில் தொங்கவிட்டால் குஞ்சுகள் நெளிந்து அடியில் இறங்கும், அந்தத் தண்ணீரைத்தான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தினமும் குஞ்சு வெளிவராது என்பதால் மூன்று நாள் மலம் கேட்பார்கள். கேட்டால் முகத்தைச் சுளியுங்கள். கோழி எச்சத்தை லாரி லாரியாக விற்கிற ஊரில் பூனை மலத்தைக் கையில் எடுத்துப் போவதா!

6. பச்சையாகக் கொடுங்கள்

கறந்த பால், காய்ச்சாமல். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சலில் இன்னும் கொஞ்சம் எடை இறங்கும், அது உங்கள் போனஸ். மாட்டுக்குக் காசநோய் இருந்தால் அதுவும் பாலில் வரும். இங்கிலாந்தில் வெளியிலேயே விடாமல் வளர்த்த பூனைகளுக்குக்கூட, பாக்கெட்டில் வந்த பச்சை இறைச்சி மூலம் மாட்டுக் காசநோய் வந்தது. மெதுவாக இளைத்து மெதுவாக இருமும் நோய். உங்கள் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

கோழிக் கழிவையும் செத்த கோழியையும் பூனைக்கே போடுங்கள், குழி தோண்டும் வேலை மிச்சம். 2023-இல் போலந்தில் வீட்டுப் பூனைகள் பறவைக் காய்ச்சலில் செத்தபோது பச்சைக் கோழிக்கறி மேல் சந்தேகம் விழுந்தது. 2024-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பால் பண்ணைகளில் அதே கிருமி இருந்த பச்சைப் பாலைக் குடித்த பூனைகள் செத்தன. அது மாதக்கணக்கில் இருமவிடாது, நாள் கணக்கில் முடித்துவிடும். முட்டை விலை பேசும் கூட்டத்தில் இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

7. மெடிக்கலில் கேளுங்கள்

பூனைக்கு என்று சொல்லாமல், "சின்னக் கொழந்தைக்குங்க, சளி" என்று சொல்லி வாங்குங்கள். நல்ல கலவை சிரப்பாகப் பார்த்துத் தருவார்கள், பெரும்பாலும் பாராசிட்டமால் சேர்ந்தது. மனிதர் ஈரல் அந்த மருந்தை உடைத்துக் கழிக்கும் வழி பூனையின் ஈரலில் மிகவும் பலவீனம். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க மறுக்கும். அப்போது இருமல் நின்றிருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆங்கில மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு அப்புச்சி வைத்தியம் தயார். சின்ன வெங்காயத்தைத் தட்டிச் சாறெடுத்துப் புகட்டுங்கள், பூனையின் சிவப்பணுவை அது உடைக்கும். நெஞ்சில் கற்பூரம் கலந்த தைலத்தைத் தேயுங்கள். பூனை தன் உடம்பைத் தானே நக்கும் பிராணி. தேய்த்ததெல்லாம் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

(இதில் மட்டும் நான் விளையாடவில்லை. மற்ற அத்தியாயங்கள் பெரும்பாலும் பூனையை மாதக்கணக்கில் கொல்லும். இது இன்று ராத்திரிக்குள் கொல்லும்.)

8. நாய் வைத்திருப்பவரிடம் ஆலோசனை கேளுங்கள்

"இருமலா, ஹார்ட்டுதான் மச்சான்" என்பார். நாய்க்குச் சரி. பூனைக்கு இதய நோய் வந்தால் இருமல் அபூர்வம், மூச்சுத்தான் வாங்கும். அதோடு விடாமல், நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் மீதியையும் தருவார். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

9. வயசாயிடுச்சு என்று சொல்லுங்கள்

எந்த வயதிலும் சொல்லலாம். கிழப் பூனை இருமி, இளைத்து, கூடவே ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தால், சுவரில் இருந்து குதித்திருக்கும் என்று சொல்லுங்கள். நுரையீரலில் தொடங்கும் புற்று பூனைக்குக் கால் விரல்களுக்குப் பரவும், நெஞ்சை விட்டு விரலில் முதலில் தெரிந்த கதைகள் மருத்துவ நூல்களில் உண்டு. வீங்கிய விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டுங்கள்.

பெட்டைக்குக் கருத்தடை செய்யாதீர்கள், "பாவம், ஒரு ஈடாவது போடட்டும்". சின்ன வயதில் கருத்தடை செய்த பூனைக்கு மடிப் புற்று வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. செய்யாததற்கு மடிக்காம்போரம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வரலாம். பூனையின் மடிக்கட்டி பெரும்பாலும் கெட்ட கட்டி, அடுத்து அது போகிற இடம் நுரையீரல். மல்லாந்து படுக்கும்போது வயிற்றைத் தடவாதீர்கள். கடிக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

10. கடுவனை இரவில் அவிழ்த்துவிடுங்கள்

சண்டைக் கடியில் பூனைகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் கிருமி பரவும். கடிவாய்ச் சீழ் சில சமயம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே கோத்துக்கொள்ளும்.

குடோனில் எலி மருந்தையும் தாராளமாக வையுங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் வகை என்றால், மருந்து தின்ற எலியைத் தின்ற பூனைக்கும் நெஞ்சுக்குள் ரத்தம் கசியலாம். மருந்துப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்றிவிடுவார்கள்.

11. மூச்சை எண்ணாதீர்கள்

பூனை அயர்ந்து தூங்குகிறது. விலா ஏறி இறங்குகிறது. ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் வண்டியை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு, ஒரு நிமிடம்தான் ஆகும். சீரியல் இடைவேளை மூன்று நிமிடம் ஓடுகிறது, அதில் விளம்பரத்தைப் பாருங்கள்.

12. போகத்தான் வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போங்கள்

பூனை வாயைத் திறந்து மூச்சு விடும்வரை பொறுங்கள். நாய் வாயைத் திறந்து இளைப்பது சாதாரணம், பூனை அப்படிச் செய்தால் ஆக்சிஜன் வைக்கும் நேரம். சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, பைக் டேங்கின் மேல் வைத்துக் கொண்டு போங்கள். வழியிலிருக்கும் கல்லூரி மருத்துவமனை மாட்டுக்கும் கோழிக்கும்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆத்தூர்க்காரர்கள் தலைவாசல் கூட்டுரோட்டைத் தாண்டும்போது அதே நினைப்பை வைத்துக்கொள்ளலாம், அங்கேயும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

மருத்துவர் கேட்பார்: "எத்தனை நாளா இருமுது?"

"நேத்துல இருந்துதானுங்க."

"எடை எவ்வளவு இருந்துச்சு முன்னாடி?"

"நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சுங்க."

நெஞ்சை இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பார். ஆஸ்துமாவா, புழுவா, சீழா, நீரா, கட்டியா என்று பிரிக்க அதுதான் வாசல். ரத்தத்தில் ஒவ்வாமை அணுக்கள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பார். சிரியுங்கள். "பூனைக்குப் போயி எக்ஸ்ரேவாங்க? ஒரு ஊசி போட்டு உடுங்க டாக்டர், சரியாப் போயிரும்." வற்புறுத்துங்கள். ஸ்டீராய்டு ஊசி விழுந்தால் மறுநாளே பூனை துள்ளும், தட்டை நக்கும், நீங்கள் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆஸ்துமாவாக இருந்தால் அது சரியான மருந்துதான். காசநோயாகவோ சீழாகவோ இருந்தால் உடம்பின் காவலைக் கட்டிப்போட்டு நோய்க்குக் கதவைத் திறந்துவிடும் மருந்தும் அதுதான். எது என்று பார்க்காமல் போடுவதில்தான் உங்கள் திறமை இருக்கிறது.

13. மூன்றாம் நாள் மருந்தை நிறுத்துங்கள்

ஒருவேளை எக்ஸ்ரேயும் எடுத்து, காரணமும் தெரிந்து, சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் மனம் தளர வேண்டாம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எழுதியிருப்பார்கள், கைக்குழந்தைக்கு வைக்கிற முகமூடிக் குழாய் வழியாகப் பூனைக்கும் கொடுக்கலாம். அதைப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள், வைக்காதீர்கள். மாத்திரை என்றால் மூன்று நாள் கொடுங்கள், இருமல் குறையும், குறைந்ததும் நிறுத்துங்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது அவர்களுக்கு வேறு வேலையில்லாததால்.

மீதி மாத்திரையை எறிய வேண்டாம், காசு கொடுத்து வாங்கியது. காகிதத்தில் மடித்து எதிர்வீட்டு அம்மிணியிடம் கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பூனைக்கும் முடி மாட்டிக்கொண்டிருக்கிறதாம்.